மலிவான கம்பிவழி ரூட்டர்: கால் நூற்றாண்டாகத் தொடரும் ஒரு கேள்வி

வீட்டுக்குள் வருவது ஒரே ஓர் இணைய இணைப்பு. அதைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ரூட்டரை, வைஃபை இல்லாமல், அதிகச் செலவும் இல்லாமல் வாங்க வேண்டுமென்றால் எதை வாங்குவது? 1990களின் பிற்பகுதியிலிருந்து இதற்கு விடைகள் வந்துகொண்டே இருக்கின்றன. மூலையில் கிடக்கும் பழைய கணினியே போதும் என்றார்கள். கடையில் விற்கும் சாதாரணப் பெட்டியின் மென்பொருளை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். இணைய நிறுவனமே ஒரு பெட்டி தரும்போது இன்னொன்று எதற்கு என்றும் கேட்டார்கள். இப்போது இந்த வேலைக்கென்றே செய்த சிறிய கம்பிவழி ரூட்டர்கள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன.

ஒவ்வொரு விடையும் தான் பிறந்த காலத்து இணைய வேகத்துக்கும் அந்தக் காலத்து அச்சங்களுக்கும் பொருந்தி வந்தது. காலம் மாறியபின் அதே விடையைத் திரும்பச் சொல்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. மலிவு என்பதை விலைச்சீட்டை வைத்து மட்டும் அளந்து பழகியதும் இந்த விவாதத்தின் நெடுநாள் குறை. ஒரு ரூட்டருக்கு எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும், வேகத்துக்காக எடுக்கும் குறுக்குவழிகளை அணைத்துவிட்டால் அதன் செயலி எவ்வளவு தாங்கும் என்ற இரண்டும் விலையைவிட முக்கியம் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

வைஃபை இல்லாத பெட்டி எதற்கு என்பதை முதலில் சொல்லிவிடலாம். வைஃபை தரம் சில ஆண்டுகளுக்கொரு முறை மாறுகிறது. ஆனால் செம்புக் கம்பியில் ஜிகாபிட் வேகம் தரும் ஈதர்நெட் தரம் 1999இல் வந்தது. இன்றும் பெரும்பாலான வீடுகளுக்கு அது போதும். ரூட்டரைத் தனியாகவும் வைஃபை தரும் ஆக்சஸ் பாயின்டைத் தனியாகவும் வைத்துக்கொண்டால், புதிய வைஃபை வரும்போது ஆக்சஸ் பாயின்டை மட்டும் மாற்றினால் போதும். மேலும், ரூட்டர் இருக்கவேண்டிய இடம் ஃபைபர் வந்து சேரும் மூலை. வைஃபை இருக்கவேண்டிய இடம் வீட்டின் நடு. இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தால் ஏதோவொன்று விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பிரித்து வைப்பதில் செலவு உண்டு: கூடுதலாக ஒரு பெட்டி, ஒரு அடாப்டர், ஒரு பிளக் பாயின்ட்.

கேள்வி எங்கே பிறந்தது

இணையத்தின் 32 பிட் முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. இவை தீர்ந்துபோகும் என்ற கவலை 1990களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1994 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 1631 ஆவணம், நேட் எனப்படும் முகவரி மாற்ற முறையை விவரித்தது. அதை எழுதியவர்கள் அதைக் குறுகிய காலத் தீர்வாகத்தான் முன்வைத்தார்கள். 1996இல் ஆர்எஃப்சி 1918, உள் வலையமைப்புகளில் மட்டும் புழங்கும் முகவரிகளை வரையறுத்தது. வீட்டு ரூட்டர்களில் நாம் பார்க்கும் 192.168 எண்கள் அந்த ஒதுக்கீட்டைச் சேர்ந்தவை.

கேபிள், டிஎஸ்எல் இணைப்புகள் வீடுகளுக்கு வந்தபோது, அமெரிக்காவில் சில நிறுவனங்கள் ஒவ்வொரு கூடுதல் கணினிக்கும் தனிக் கட்டணம் கேட்டன. லிங்க்சிஸின் பிஇஎஃப்எஸ்ஆர்41 போன்ற நான்கு போர்ட் பெட்டிகள் அந்தச் சந்தையில்தான் பிரபலமாயின. கணினியின் வன்பொருள் முகவரியைப் படியெடுத்துக்கொள்ளும் வசதி இன்றும் பல ரூட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. இணைப்பில் இருப்பது ஒரே கணினிதான் என்று நிறுவனம் நம்ப வேண்டியிருந்த நாட்களில் அதற்கு நல்ல தேவை இருந்தது.

நேட் முறையால் ஒரு பக்கவிளைவும் வந்தது. வெளியிலிருந்து தானாக வரும் இணைப்புகளுக்கு உள்ளே போக வழி தெரியாது. இதையே பாதுகாப்பு என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். பாதுகாப்பைத் தருவது முகவரி மாற்றம் அல்ல, இணைப்புகளின் நிலையைக் கண்காணிக்கும் ஃபயர்வால்தான் என்று 2007இல் வந்த ஆர்எஃப்சி 4864 பிரித்துக் காட்டியது. புதிய, நீண்ட முகவரி முறையான ஐபிவி6 பயன்பாட்டில் உலகின் முன்வரிசையில் இருக்கும் இந்தியாவில் இந்த வேறுபாடு வெறும் கோட்பாடாக நின்றுவிடுவதில்லை. ஐபிவி6 வந்த வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி உண்டு. நேட் என்ற திரை அங்கே இல்லை. ஆகவே ஐபிவி6க்கு ஒழுங்கான ஃபயர்வால் இல்லாத ரூட்டர் எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் வாங்கத் தகுந்ததல்ல.

பழைய கணினி என்ற விடை

1990களின் பிற்பகுதியில் லினக்ஸ் ரூட்டர் ப்ராஜெக்ட், ஒரே ஒரு ஃப்ளாப்பியில் அடங்கும் ரூட்டர் மென்பொருளைத் தந்தது. இரண்டு நெட்வொர்க் கார்டுகள் செருகிய கழித்துப்போட்ட கணினி, அன்றைய கேபிள் இணைப்புகளைச் சிரமமில்லாமல் தாங்கியது. பின்னர் மானுவேல் காஸ்பர் உருவாக்கிய மோனோவால், அதிலிருந்து 2004இல் கிளைத்த பிஎஃப்சென்ஸ், 2015இல் அதிலிருந்து பிரிந்த ஓபிஎன்சென்ஸ் என்று இந்த மரபு வளர்ந்தது. மோனோவால் 2015 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது; மற்ற இரண்டும் தொடர்கின்றன.

இந்த விடையின் வலிமை, மென்பொருள் வன்பொருளோடு பிணைக்கப்படாமல் இருப்பது. புதுப்பிப்பு வருவதற்குப் பெட்டி விற்றவரின் தயவு தேவையில்லை. பலவீனம் மின்கட்டணம். 40 வாட் இழுக்கும் கணினி இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 58 யூனிட் ஆகிறது. 5 வாட் இழுக்கும் சிறிய ரூட்டருக்கு 7 யூனிட். ஒரு யூனிட் 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,100 ரூபாய்க்கும் 260 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசம். இரு மாதக் கணக்கும் படிநிலைக் கட்டணமும் உள்ள தமிழ்நாட்டில் இது இன்னும் கடுமையானது. 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டை இந்த 58 யூனிட் அடுத்த படிக்குத் தள்ளிவிடலாம். அப்போது கீழ்ப்படி யூனிட்டுகளின் விலையும் சேர்ந்து ஏறும். ஓசியில் கிடைத்த கணினி இரண்டு, மூன்று ஆண்டுகளில் புது ரூட்டரின் விலையைத் தின்றுவிடும்.

மின்தடை இன்னொரு சிக்கல். 12 வோல்ட்டில் ஓடும் ரூட்டரையும் ஃபைபர் மோடத்தையும் சிறிய மினி யூபிஎஸ் சில மணி நேரம் ஓட்டும். பழைய மேசைக் கணினிக்கு அது முடியாது. இன்டெல் என்100 போன்ற சில்லுகளோடு வரும் விசிறியில்லா மினி கணினிகள் இந்தக் குறைகளைப் பெருமளவு நீக்குகின்றன. ஆனால் அவற்றை வாங்கும் பணம் மலிவு என்ற எல்லையைத் தாண்டிவிடுகிறது.

மென்பொருளை மாற்றிய பெட்டி

2002 டிசம்பரில் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி வெளியானது. அதற்குள் லினக்ஸ் இருப்பது தெரியவந்ததும், ஜிபிஎல் உரிமத்தின்படி மூல நிரலைத் தரவேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. 2003இல் நிரல் வெளிவந்தது. அதைத் தளமாகக் கொண்டு 2004இல் ஓபன்டபிள்யூஆர்டி திட்டம் தொடங்கியது. வைஃபை ரூட்டர் ஒன்றில் பிறந்த இந்த இயக்கம்தான் கம்பிவழி ரூட்டர்களுக்கும் இரண்டாம் ஆயுளைத் தருகிறது. இதன் பெருமையைக் குறைத்துச் சொல்லவே முடியாது. விற்றவர் கைவிட்ட எத்தனையோ பெட்டிகள் இன்றும் புதுப்பிப்பு பெறுவது ஊதியம் எதிர்பாராமல் உழைக்கும் நிரலாளர்களால்தான்.

எல்லை எங்கே என்றால் நினைவகத்தில். 4 மெகாபைட் ஃப்ளாஷும் 32 மெகாபைட் ரேமும் கொண்ட பெட்டிகளுக்கான ஆதரவைத் திட்டமே படிப்படியாகக் கைவிட நேர்ந்தது. பழைய பொருள் சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பவற்றில் இந்த வகை அதிகம். சில சில்லுகளில், நிறுவனத்தின் மூடிய மென்பொருள் பயன்படுத்திய வன்பொருள் முடுக்கம் திறந்த மென்பொருளில் கிடைப்பதில்லை. மாற்றிய பிறகு வேகம் இறங்கும். மென்பொருளை ஏற்றும்போது தவறினால் பெட்டியை மீட்க, சிறிதளவாவது பொறுமையும் பழக்கமும் வேண்டும். எல்லா வீடுகளுக்குமான விடை இது அல்ல.

நிறுவனம் தரும் பெட்டியே போதாதா

பலருக்குப் போதும். இதை ஒப்புக்கொள்ளாத எந்த ஆய்வும் நேர்மையானதல்ல. ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டியிலேயே மோடம், ரூட்டர், வைஃபை மூன்றும் இருக்கின்றன. கூடுதல் செலவில்லை; பழுதானால் கேட்க ஆள் இருக்கிறது.

ஆனால் அந்தப் பெட்டியின் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது. டிஆர்-069 என்ற தொலை மேலாண்மை முறை 2004இல் வரையறுக்கப்பட்டது. அதன் வழியாக நிறுவனம் பெட்டியை எங்கிருந்தும் மாற்றியமைக்கலாம். 2016 நவம்பரில் மிராய் வகைத் தீநிரல் ஒன்று, இத்தகைய மேலாண்மைக்குப் பயன்படும் 7547 என்ற போர்ட்டைக் குறிவைத்துப் பரவ முயன்றபோது, ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 9 லட்சம் பேர் பாதிக்கப்பட்டார்கள். ஒரே வகைப் பெட்டி லட்சக்கணக்கான வீடுகளில் இருப்பதன் ஆபத்து அது.

இந்தப் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு ரூட்டரை மாட்டினால் முகவரி இருமுறை மாறும். வலை உலாவவும் படம் பார்க்கவும் இது தடையில்லை. சில விளையாட்டுகளும் வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து பார்ப்பதும் சிக்கலாகும். பெட்டியைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றி வெறும் மோடமாக்குவதே சரியான வழி. அப்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரூட்டருக்குக் கிடைக்கும் முகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், நிறுவனமே தன் பக்கத்தில் இன்னொரு முகவரி மாற்றம் செய்கிறது. 2012இல் ஆர்எஃப்சி 6598 ஒதுக்கிய எண்கள் அவை. கேமராவுக்கு போர்ட் திறந்துவிடலாம் என்று நம்பிப் புது ரூட்டர் வாங்குபவருக்கு, எந்த விலை ரூட்டரும் அங்கே உதவாது.

தனிக் கம்பிவழி ரூட்டர்கள்

1996இல் லாட்வியாவின் ரிகா நகரில் தொடங்கிய மைக்ரோடிக், சிறு இணைய நிறுவனங்களுக்காக உருவாக்கிய ரூட்டர் ஓஎஸ் மென்பொருளைப் பின்னர் சிறிய பெட்டிகளிலும் தந்தது. ஐந்து ஜிகாபிட் போர்ட்டுகள் கொண்ட ஹெக்ஸ் ரூட்டரின் அறிவிப்பு விலை 60 டாலரை ஒட்டியது. 2016இல் வந்த ஆர்பி750ஜிஆர்3 மாதிரி, மீடியாடெக்கின் எம்டி7621 என்ற இரட்டைக்கரு 880 மெகாஹெர்ட்ஸ் சில்லையும் 256 மெகாபைட் ரேமையும் கொண்டது. யூபிக்விட்டியின் எட்ஜ்ரூட்டர் எக்ஸும் டிபி-லிங்கின் இஆர்605ம் இதே சில்லுக் குடும்பத்தை நம்பி வந்தவை. பெயர்களும் பெட்டிகளும் வேறு. உள்ளே இருக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றே. எனவே இவற்றுக்கிடையே தேர்வு என்பது பெரும்பாலும் மென்பொருளுக்கிடையேயான தேர்வு.

ரூட்டர் ஓஎஸ் செய்யாத வேலை குறைவு. அதனாலேயே புதியவருக்குக் கடினம். ஃபயர்வால் விதியொன்றைத் தெரியாமல் அழித்தால் தடுத்துச் சொல்ல அங்கே எதுவும் இல்லை. இஆர்605 எளிமையானது, ஆழம் குறைந்தது. எட்ஜ்ரூட்டர் எக்ஸுக்குத் தாய் நிறுவனத்தின் புதுப்பிப்புகள் பிற்காலத்தில் மெதுவாயின. ஆனால் அதில் ஓபன்டபிள்யூஆர்டி நன்றாக ஓடுவதால், பழைய பொருளாக வாங்குபவர்களுக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது.

வேகம் என்றால் எதன் வேகம்

பெட்டியின் மேல் ஜிகாபிட் என்று அச்சிட்டிருப்பது போர்ட்டின் வேகம். ரூட்டரின் உண்மையான வேலை பாக்கெட் கணக்கில் நடக்கிறது. வண்டி பெரிதோ சிறிதோ சோதனைச் சாவடியில் ஒவ்வொன்றையும் நிறுத்திப் பார்ப்பதுபோல, ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பையும் செயலி பார்த்தாக வேண்டும். ஒரு ஜிகாபிட் இணைப்பு, பாக்கெட்டுகளைச் சுமக்கும் 1518 பைட் அளவுள்ள பெரிய ஃப்ரேம்களால் நிரம்பினால் நொடிக்கு 81,274 வருகின்றன. 64 பைட் அளவுள்ள சிறிய ஃப்ரேம்களால் நிரம்பினால் 14.88 லட்சம் வருகின்றன. வேகம் அதே, வேலை பதினெட்டு மடங்கு. விளம்பரங்கள் பெரும்பாலும் முதல் கணக்கையே பேசுகின்றன. வெவ்வேறு பாக்கெட் அளவுகளுக்கும் ஃபயர்வால் விதிகளுக்கும் தனித்தனியாக அளவீடு வெளியிடும் மைக்ரோடிக்கின் வழக்கம் எல்லோரும் பின்பற்றத் தக்கது.

மலிவான சில்லுகள் ஜிகாபிட்டை எட்டுவது குறுக்குவழியால். ஓர் இணைப்பின் முதல் சில பாக்கெட்டுகளை மட்டும் செயலி முழுமையாகச் சோதிக்கும். மீதியை வன்பொருளோ சுருக்கப்பட்ட மென்பொருள் பாதையோ நேராகக் கடத்திவிடும். பெரும்பாலான நேரம் இதில் தவறில்லை. போக்குவரத்தைச் சீராக்கும் வசதியை இயக்கினால்தான் இந்தப் பாதை மூடிக்கொள்கிறது.

அந்த வசதி ஏன் முக்கியம் என்பதற்குச் சமீப கால வரலாறு உண்டு. 2010இன் இறுதியில் ஜிம் கெட்டிஸ், வழியிலுள்ள கருவிகளின் அளவுக்கு மீறிய இடைநினைவகங்களே இணையத்தைத் தாமதப்படுத்துகின்றன என்று சுட்டிக்காட்டினார். பஃபர்ப்ளோட் என்ற பெயர் பரவியது. ஒருவர் பெரிய கோப்பை அனுப்பும்போது இன்னொருவரின் காணொளி வகுப்பு திக்கித் திணறுவது இதனால்தான். 2012இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் கோடெல் என்ற தீர்வை வெளியிட்டார்கள். அதன் விரிவாக்கமான எஃப்கியூ-கோடெல் 2018இல் ஆர்எஃப்சி 8290 ஆனது. கேக் என்ற அடுத்த கட்டம் அதே ஆண்டு லினக்ஸ் 4.19இல் சேர்ந்தது. டேவ் டாட் என்பவர் இவற்றைச் சாதாரண வீட்டுப் பெட்டிகளுக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் உழைத்தார். பணம் படைத்த நிறுவனங்களுக்கு மட்டும் கிடைத்த ஒழுங்கு, இதனால் ஏழை வீட்டு இணைப்புக்கும் எட்டியது.

போக்குவரத்தைச் சீராக்கும் இந்த வசதியை இயக்கினால் எம்டி7621 போன்ற சில்லு சில நூறு மெகாபிட்டுக்குள் நின்றுவிடுகிறது. முழு ஜிகாபிட் இணைப்புக்கு அது போதாது. ஆனால் நம் ஊரில் நடுத்தர வீடுகளுக்குக் கட்டுப்படியாகும் திட்டங்கள் பெரும்பாலும் 30 முதல் 100 மெகாபிட் வேகத்தைச் சேர்ந்தவை. அந்த எல்லைக்குள் 60 டாலர் ரூட்டர், குறுக்குவழி எதுவுமின்றி, ஒவ்வொரு பாக்கெட்டையும் முறையாகப் பார்த்து அனுப்பும் திறன் கொண்டது. குறைந்த வேகத் திட்டம் வைத்திருப்பவருக்கே மலிவான ரூட்டர் முழுப் பயன் தருகிறது. ஜிகாபிட் திட்டக்காரர் அதே தரம் வேண்டுமானால் பல மடங்கு செலவிட வேண்டும்.

கம்பியையும் மறக்கக் கூடாது. ஜிகாபிட்டுக்கு கேபிளின் எட்டு இழைகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கலாம். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. சுவருக்குள் போட அது நம்பத் தக்கதல்ல. ரூட்டரில் 500 ரூபாய் மிச்சம் பிடிப்பதைவிட முழுச் செம்புக் கேபிளுக்குக் கொடுப்பது மேல்.

புதுப்பிப்பு என்ற விலை

2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் ஏறத்தாழ 5 லட்சம் கருவிகளில் இருப்பதாகத் தெரியவந்தது. லிங்க்சிஸ், மைக்ரோடிக், நெட்கியர், டிபி-லிங்க் எல்லாம் அதில் இருந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் மைக்ரோடிக் தன் வின்பாக்ஸ் மேலாண்மைக் கருவியிலிருந்த ஓட்டையை அடைத்தது. அடைத்த பிறகும் பல மாதங்கள் புதுப்பிக்காத பெட்டிகள் தாக்கப்பட்டன. 2021இல் மெரிஸ் என்ற பெரும் தாக்குதல் வலை வெளிப்பட்டபோதும், 2018இலேயே பறிபோன பெட்டிகள்தான் அவை என்று நிறுவனம் விளக்கியது. புதுப்பிப்பு கிடைப்பது ஒன்று, அதை ஏற்றுவது இன்னொன்று. முதல் பொறுப்பு நிறுவனத்துடையது. இரண்டாவது யாருடையது என்பதில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

ஆதரவு முடிந்த பெட்டிகளின் நிலை இன்னும் மோசம். 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை முடக்கியதாக அறிவித்த கேவி தாக்குதல் வலையில் பெரும்பாலானவை, ஆதரவுக் காலம் முடிந்த சிஸ்கோ, நெட்கியர் ரூட்டர்கள். தரமான தயாரிப்பு என்று பழைய சந்தையில் தேடி வாங்கப்படும் பெயர்கள் இவை.

சட்டங்கள் மெல்ல வருகின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாப் பெட்டிக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பது தடை. எவ்வளவு காலம் புதுப்பிப்பு தரப்படும் என்பதையும் அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகின்றன. பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டு ஆதரவை அது எதிர்பார்க்கிறது. ஐந்து ஆண்டு ஆதரவு பெறும் 5,000 ரூபாய் பெட்டி, இரண்டே ஆண்டில் கைவிடப்படும் 2,500 ரூபாய் பெட்டியைவிடக் குறைந்த விலை என்று அப்போது யாரும் கணக்குப் போட முடியும்.

முடிவாகாதவை

தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ரூட்டர் நல்லதா என்பது முதல் கேள்வி. மெரிஸ் போன்ற அனுபவங்கள் ஆம் என்கின்றன. ஆனால் ஒரு தவறான புதுப்பிப்பு ஒரே இரவில் எத்தனையோ வீடுகளின் இணைப்பை அறுக்கலாம் என்ற எதிர்வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. வீட்டுக்குத் தானியங்கி வழியும், விவரம் தெரிந்தவர்களுக்கு அதை நிறுத்தும் உரிமையும் தருவது நியாயமாகத் தோன்றுகிறது. இயல்புநிலை எதுவாக இருக்க வேண்டும் என்பதில் தயாரிப்பாளர்கள் பிளவுபட்டே நிற்கிறார்கள்.

2.5 ஜிகாபிட் போர்ட்டுக்கு இப்போதே பணம் கொடுக்கலாமா என்பதும் தெளிவாகவில்லை. 2024 இறுதியில் வந்த ஓபன்டபிள்யூஆர்டி ஒன் பெட்டி, ஒரு 2.5 ஜிகாபிட் போர்ட்டோடு 90 டாலருக்குள் கிடைத்தது. ஆனால் அதில் வைஃபையும் சேர்ந்தே இருக்கிறது, கம்பிப் போர்ட்டுகள் மொத்தம் இரண்டுதான். வைஃபை இல்லாத, ஐந்து போர்ட் கொண்ட, ஜிகாபிட்டிலும் கேக்கை ஓட்டும் பெட்டி 60 டாலர் விலைக்கு வருமா என்பது சில்லு விலையைப் பொறுத்தது.

பெரிய கேள்வி உரிமை பற்றியது. ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல், தனக்கு வேண்டிய ரூட்டரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாடிக்கையாளருக்குச் சட்டப்படி உண்டு. நம் ஊரில் பிரிட்ஜ் முறை கிடைப்பது பெரும்பாலும் நிறுவனத்தின் விருப்பம். சில இடங்களில் உள்ளூர் கேபிள் ஆபரேட்டரின் விருப்பம். இணைப்பில் நுழையத் தேவையான பிபிபிஓஇ பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வாடிக்கையாளர் கைக்கு வராமல் போனால் மேலே பேசிய ஒப்பீடுகள் எல்லாம் பயனற்றவை. ஆகவே எந்தப் பெட்டியை வாங்குவது என்று பார்ப்பதற்கு முன்பே அந்த இரண்டையும் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. மறுக்கப்பட்டால், புது ரூட்டருக்கு வைத்திருந்த பணத்தில் நல்ல கேபிளும் ஒரு ஸ்விட்சும் வாங்கினால் இப்போதைக்கு அதிகப் பயன் கிடைக்கும்.